பட்டிமண்டபம்

பட்டிமண்டபம் அல்லது பட்டிமன்றம் என்பது ஒரு நூலையோ, அதில் வரும் பாத்திரத்தையோ, ஒரு கருத்தையோ பொருளாகக் கொண்டு இரு அணியினர் அவையோர் முன் எதிரெதிராக வாதிட, நடுவர் ஒருவர் தீர்ப்புக் கூறும் தமிழ்ச் சொற்போர் வடிவம் ஆகும். இச்சொல் பழமையானது. இன்று அறியப்படும் வடிவம் 20 ஆம் நூற்றாண்டில் செல்வாக்குப் பெற்றது. அதில் அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த காரைக்குடியில் நடைபெற்ற கம்பன் விழாக்களுக்குப் பெரும் பங்கு உண்டு. புலவர்களிடமும் பாடசாலைகளிலும் மட்டும் பயிலப்பட்டு வந்த காப்பியங்களைப் பொதுமக்கள் கேட்டு, தாமே சீர்தூக்கிப் பார்க்க இம்மேடை வழிசெய்தது.

சொல் வரலாறு

பட்டிமண்டபம் என்னும் சொல் சிலப்பதிகாரத்திலும் மணிமேகலையிலும் இடம்பெறுகிறது. மகத நாட்டு மன்னன் கரிகாலனுக்கு வழங்கிய பொருளாகச் சிலப்பதிகாரம் பட்டிமண்டபத்தைக் குறிப்பிடுகிறது. மணிமேகலையில் இந்திர விழாவை அறிவிக்கும் பகுதியில், சமயவாதிகள் முறைப்படி ஏறி வாதிடும் இடமாக அது வருகிறது. அதே காப்பியத்தில் மணிமேகலை வஞ்சி நகரில் பல்வேறு சமயக் கணக்கர்களைத் தனித்தனியே கண்டு அவரவர் தத்துவங்களைக் கேட்டறியும் காதையும் உண்டு. மாணிக்கவாசகரும் கம்பரும் இச்சொல்லை ஆண்டுள்ளனர். கம்பர் அதனை அயோத்தி நகர வருணனையில், கலைகளை ஆராயும் இடமாகக் காட்டுகிறார். ஆகவே பழைய வழக்கில் பட்டிமண்டபம் என்பது நிகழ்ச்சியை அன்றி, அறிஞர் கூடி வாதிடும் இடத்தையே குறித்தது.

சேது நாட்டுப் பின்னணி

இராமநாதபுரத்தைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட சேதுபதிகள் தமிழ்ப் புலவர்களை ஆதரித்தவர்கள். பாசுகர சேதுபதி (1868–1903) காலத்தில் இவ்வாதரவு அரண்மனைக்கு வெளியிலும் விரிந்தது. அவருடைய உறவினரும் பாலவநத்தம் நிலக்கிழாருமான பாண்டித்துரைத் தேவர் 1901 இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். மதுரையில் சொற்பொழிவாற்றச் சென்ற தேவர், திருக்குறளும் கம்பராமாயணமும் அந்நகரில் எளிதில் கிடைக்காததைக் கண்டு வருந்தியதே இம்முயற்சிக்குக் காரணம் என்று கூறப்படுவதுண்டு. சங்கத்தின் இதழான செந்தமிழ், புலவர்களின் கருத்து வேறுபாடுகளை அச்சில் கொணர்ந்தது. சேது சமஸ்தான வித்துவானாக இருந்த ரா. இராகவையங்கார், சேரர் தலைநகரான வஞ்சி எது என்னும் வினாவை எடுத்துக்கொண்டு, அது கருவூரே என நிறுவ ஒரு நூலே எழுதினார்.

இப்பகுதிக்கு இராமாயணத்துடன் வேறொரு தொடர்பும் உண்டு. இராவணனைக் கொன்றதால் நேர்ந்த பிரம்மகத்தி தோசம் நீங்க இராமன் இங்குச் சிவலிங்கம் நிறுவி வழிபட்டான் என்பது இராமேசுவரம் கோயிலின் தல வரலாறு. சீதை மணலால் அமைத்த லிங்கம் மூலவராகவும், அனுமன் கொணர்ந்த லிங்கம் முதலில் பூசை பெறுவதாகவும் அமைந்துள்ளன. வெற்றி பெற்றவனுக்கும் கழுவாய் தேவைப்பட்டது என்னும் இக்கதை, இராவணன் கொலை அறமா என்னும் வினாவைத் தன்னுள் கொண்டுள்ளது.

காரைக்குடி கம்பன் விழா

விடுதலைப் போராட்ட வீரரும் பின்னாளில் சட்டமன்ற உறுப்பினராக இருந்தவருமான சா. கணேசன் (1908–1982) 1939 இல் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கினார். இவர் 'கம்பன் அடிப்பொடி' என்று அழைக்கப்பட்டார். ஆண்டுதோறும் பங்குனி மாதத்தில் நடைபெறும் கம்பன் விழாவின் நிறைவு நிகழ்ச்சி, கம்பர் சமாதி அமைந்துள்ளதாகக் கருதப்படும் நாட்டரசன்கோட்டையில், பங்குனி அத்த நாளில் நடைபெறுவது மரபு. கம்பர் தம் காப்பியத்தை அரங்கேற்றிய நாள் அதுவே என்பது நம்பிக்கை. 1985 இல் இராமநாதபுரம் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்ட பின்னர் இவ்விரு ஊர்களும் இன்றைய சிவகங்கை மாவட்டத்தில் அடங்கின.

விழாவில் சொற்பொழிவு, கவியரங்கம் ஆகியவற்றுடன் பட்டிமண்டபமும் இடம்பெற்றது. வைணவர், சைவர், இசுலாமியர், பொதுவுடைமைவாதிகள் எனப் பல தரப்பினரும் கம்பன் மேடைகளில் பேசினர். அவர்களுள் பொதுவுடைமை இயக்கத் தலைவர் ப. ஜீவானந்தமும் ஒருவர்.

1943 சொற்போர்கள்

கம்பன் கழகம் தோன்றிய காலத்திலேயே கம்பராமாயணத்துக்குக் கடும் எதிர்ப்பும் இருந்தது. கம்பராமாயணமும் பெரியபுராணமும் ஆரியக் கருத்துகளைப் பரப்புவதால் கொளுத்தப்பட வேண்டியவை என்று சுயமரியாதை இயக்கத்தினர் வாதிட்டனர். இது குறித்து 1943 பிப்ரவரியில் சென்னைச் சட்டக் கல்லூரியில் கா. ந. அண்ணாதுரையும் ரா. பி. சேதுப்பிள்ளையும் சொற்போர் நிகழ்த்தினர். அடுத்த மாதம் சேலத்தில் அண்ணாதுரைக்கு எதிராக நாவலர் ச. சோமசுந்தர பாரதியார் வாதிட்டார். அண்ணாதுரையின் இவ்வுரைகள் 'தீ பரவட்டும்' என்னும் நூலாக வெளிவந்தன.

சேலத்தில் கம்பனுக்காகப் பேசிய பாரதியார் அக்கதையைக் கேள்வியின்றி ஏற்றவர் அல்லர். தசரதனின் குறையையும் கைகேயியின் நிறையையும் எடுத்துக்காட்டி அவரே தனி நூல் எழுதியவர். நூலைக் காக்க விரும்பியவர்களும் அதனுள் குற்றம் கண்டனர் என்பதற்கு இது சான்றாகும். மறுபுறம், நூலைக் கொளுத்த வேண்டும் என்றவர்களும் அதனை நுணுகிப் படித்து, பாடல்களை மேற்கோள் காட்டியே வாதிட வேண்டியிருந்தது.

அமைப்பு முறை

பட்டிமண்டபத்தில் பொதுவாகக் கீழ்க்காணும் கூறுகள் அமைகின்றன.

நடுவர்: தலைப்பை விளக்கித் தொடங்கி வைப்பார். ஒவ்வொரு பேச்சாளருக்குப் பின்னும் சுருக்கமாகக் கருத்துரைப்பார்.

அணிகள்: இரண்டு அல்லது மூன்று அணிகள் இருக்கும். ஒவ்வோர் அணிக்கும் ஒரு தலைவரும் துணைப் பேச்சாளர்களும் உண்டு. பேச்சுக்கு நேர வரம்பு உண்டு.

சான்று: காப்பியம் பற்றிய பட்டிமண்டபத்தில் மூல நூலின் பாடலே முதன்மைச் சான்று. பாடலைச் சொல்லி, பொருள் விரித்து, அதிலிருந்து முடிவுக்கு வருவது முறை.

தொகுப்புரை: அணித் தலைவர்கள் எதிரணியின் வாதங்களை மறுத்து முடிப்பர்.

தீர்ப்பு: நடுவர் காரணங்களுடன் முடிவு கூறுவார். இத்தீர்ப்பு அன்றைய அவைக்கே உரியது. அதே தலைப்பு வேறோர் ஊரில் வேறொரு தீர்ப்பைப் பெறுவதுண்டு.

இதே அடிப்படையில் வழக்காடு மன்றம், சுழலும் சொற்போர் போன்ற வடிவங்களும் தோன்றின. வழக்காடு மன்றத்தில் ஒரு பாத்திரத்தின் மீது குற்றம் சாட்டப்பட்டு, நீதிமன்ற முறையில் விசாரணை நடைபெறும்.

புகழ்பெற்ற வாதப் பொருள்கள்

வாலி வதை: இராமன் மறைந்து நின்று வாலியைக் கொன்றது அறமா என்பது மிகுதியாக விவாதிக்கப்பட்ட பொருள்களுள் ஒன்று. கம்பராமாயணத்தில் அம்பு பட்டு வீழ்ந்த வாலி இராமனிடம் நேரடியாக வினாக்கள் தொடுக்கிறான். தம்பியின் மனைவியைக் கவர்ந்தது குற்றம் என்று இராமன் கூற, விலங்குகளுக்கு மனிதரின் மண ஒழுக்கம் பொருந்தாது என்று வாலி மறுக்கிறான். நன்மை தீமை அறிந்தவன் தன்னை விலங்கு என்று கூறித் தப்ப இயலாது என்பது இராமனின் விடை. ஆனால் மறைந்து நின்று எய்தது ஏன் என்னும் வினாவுக்கு இராமன் விடை கூறவில்லை. இலக்குவனே கூறுகிறான். நேரில் வந்தால் வாலியும் அடைக்கலம் புகக்கூடும், அப்போது சுக்கிரீவனுக்கு அளித்த வாக்கைக் காக்க இயலாது என்பது அவன் கூறும் காரணம். இராமனின் மௌனத்தைக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகக் கொள்வோரும், தம்பியின் சொல்லே தமையனின் சொல் எனக் கொள்வோரும் உண்டு. முடிவில் வாலி இராமனை ஏற்றுக்கொள்கிறான். தமையனைக் கொல்வித்தவன் என்று சுக்கிரீவனை இராமனின் தம்பியர் இகழ்ந்தால் தடுக்குமாறு அவன் வரம் கேட்பது, இரு அணியினரும் எடுத்தாளும் பகுதியாகும். சென்னை உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்த மு. மு. இசுமாயில் இவ்வினாக்களை ஆராய்ந்து 'மூன்று வினாக்கள்' என்னும் நூலை எழுதினார்.

அகலிகை: இந்திரன் என்று அறிந்த பின்னும் அகலிகை விலகவில்லை என்று பாடும் கம்பர், பின்னர் அவள் மனத்தால் பிழை செய்யாதவள் என்று விசுவாமித்திரர் வாயிலாகக் கூறுகிறார். இவ்விரு இடங்களும் முரண்படுகின்றனவா என்பது வாதப் பொருள். புதுமைப்பித்தன் தம் 'சாப விமோசனம்' சிறுகதையில், சீதையைத் தீக்குளிக்கச் செய்ததை அறிந்த அகலிகை மீண்டும் கல்லாவதாகக் காட்டி, இவ்விவாதத்தைப் புனைகதைக்குள் கொண்டு சென்றார்.

இராவணன்: இராவணனின் வீரம், கல்வி, இசையறிவு ஆகியவற்றை அவனுடைய வீழ்ச்சியுடன் சேர்த்துக் காண்பது மற்றொரு பொருள். அ. ச. ஞானசம்பந்தனின் 'இராவணன் மாட்சியும் வீழ்ச்சியும்' இது பற்றிய குறிப்பிடத்தக்க நூல்.

எது கம்பன் பாடல் என்னும் விவாதம்

பாத்திரங்கள் மட்டுமன்றி, நூலின் பாடமும் விவாதத்துக்கு உள்ளானது. திருநெல்வேலியில் 'வட்டத்தொட்டி' என்னும் நண்பர் குழுவை நடத்திய ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் (1882–1954), கம்பராமாயணத்தில் பெரும்பாலான பாடல்கள் இடைச்செருகல் என்று கருதினார். தம் சுவையுணர்வைக் கொண்டே பாடல்களைத் தேர்ந்தும், சொற்களைத் திருத்தியும் வெளியிட்டார். சுவடிச் சான்று இன்றிப் பாடத்தை மாற்றுவது கூடாது என்று புலவர்கள் மறுத்தனர். ஒரு நூலின் மீது வாசகனுக்கு உள்ள உரிமை எதுவரை என்பதே இவ்விவாதத்தின் உள்ளீடு.

புதினங்கள்

காப்பியங்களுக்குப் பின்னர் புதினங்களும் வாசகர் விவாதத்துக்கு உரியவையாயின. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வெளிவந்த 'பொன்னியின் செல்வன்' இதற்கு எடுத்துக்காட்டு. ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதைக் கல்கி ஐயத்துக்கு இடமாகவே விட்டார். உடையார்குடிக் கல்வெட்டு அக்கொலையில் தொடர்புடையோரின் பெயர்களைத் தருவதால், வாசகர்கள் புதினத்தை வரலாற்றுடன் ஒப்பிட்டு வாதிடுகின்றனர். காப்பியத்தில் என்ன நிகழ்ந்தது என்பது அனைவருக்கும் தெரியும்; அது சரியா என்பதே வினா. இப்புதினத்திலோ என்ன நிகழ்ந்தது என்பதே வினாவாகிறது.

பரவலும் மாற்றமும்

காரைக்குடியைப் பின்பற்றித் தமிழகத்தின் பல ஊர்களிலும் புதுச்சேரியிலும் கம்பன் கழகங்கள் தோன்றின. 1980 இல் யாழ்ப்பாணத்தில் கம்பன் கழகம் தொடங்கப்பட்டது. காரைக்குடிக்கு அருகிலுள்ள குன்றக்குடி ஆதீனத்தின் தலைவர் குன்றக்குடி அடிகளார் (1925–1995) புகழ்பெற்ற நடுவராக விளங்கினார். இலக்கியத்துடன் சமுதாயச் சிக்கல்களும் அவர் தலைமையில் வாதப் பொருள்களாயின. 1990களுக்குப் பின்னர் தொலைக்காட்சி வழியாகப் பட்டிமன்றம் வீடுகளுக்குள் சென்றது. பொங்கல், தீபாவளி நாட்களில் சாலமன் பாப்பையா நடுவராக அமர்ந்த நிகழ்ச்சிகள் பெரும் வரவேற்பைப் பெற்றன. இவற்றில் குடும்ப வாழ்வு தொடர்பான தலைப்புகள் முதலிடம் பெற்றன.

திறனாய்வு

பட்டிமண்டபம் ஒரு பெரும் நூலை இரண்டு பக்கங்களாகச் சுருக்கிவிடுகிறது, கைதட்டலுக்காக நகைச்சுவைத் துணுக்குகளை நம்புகிறது, பேச்சாளர் தமக்கு உடன்பாடில்லாத கருத்தையும் வாதிட வேண்டியுள்ளது என்னும் குறைகள் கூறப்படுகின்றன. வாலியோ கைகேயியோ முழுக்க நல்லவர் அல்லது முழுக்கத் தீயவர் என்று காட்டுவது காப்பியத்தின் இயல்புக்கு மாறானது என்பதும் திறனாய்வாளர் கருத்து.

இதற்கு மாறாக, எதிர்த் தரப்பின் பாடல்களையும் அறிந்தாலன்றி மேடையில் வாதிட இயலாது என்பதால், பட்டிமண்டபம் நூலை முழுமையாகப் படிக்கத் தூண்டுகிறது என்று ஆதரவாளர்கள் கூறுகின்றனர். எழுத்தறிவு குறைந்திருந்த காலத்தில், கம்பராமாயணத்தை ஒருமுறையும் படித்திராத ஒருவர் வாலியின் வினாக்களைக் கேட்டு, நடுவரின் தீர்ப்பை ஏற்காமல் வாதிட்டபடியே வீடு திரும்ப முடிந்தது. கொளுத்துவதா, வணங்குவதா என்னும் இரு நிலைகளுக்கு இடையே, கேள்வி கேட்டுப் படிக்கும் மூன்றாவது வழியைப் பொதுமக்களுக்குத் திறந்ததே பட்டிமண்டபத்தின் முதன்மையான பங்களிப்பாகும்.