சுழன்று வந்த கூட்டம்

பெருநகரத்தில் நாள்தோறும் ஆயிரம் முகங்களைக் காணலாம். நம்மைப் பெயர் சொல்லி அழைக்கும் குரலைக் கேட்பதுதான் அரிது. பிழைப்பை நாடிப் பிறந்த ஊரை நீங்கியவர் அனைவரும் இதனை அறிவர். உலகெங்கும் பரவியுள்ள ரோட்டரி சங்கமும் இத்தகைய தனிமை ஒன்றிலிருந்தே தோன்றியது.

அதன் மூலவரான பால் ஹாரிஸ், அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்துச் சிற்றூரான வாலிங்ஃபோர்டில் பாட்டனார் வீட்டில் வளர்ந்தவர். 1896ஆம் ஆண்டில் சிகாகோ நகரில் குடியேறி வழக்கறிஞர் தொழிலை மேற்கொண்டார். தொழில் அமைந்தது, துணை அமையவில்லை. 1900ஆம் ஆண்டில் ஒரு நாள், நண்பரொருவருடன் உலாவச் சென்றார். அந்நண்பர் வழியிலிருந்த கடைக்காரர்களைப் பெயர் சொல்லி அழைத்து அளவளாவியதைக் கண்டதும், சிற்றூரின் நட்பைப் பெருநகரிலும் உண்டாக்கலாம் என்ற எண்ணம் அவர் உள்ளத்தில் முளைத்தது.

1905 பிப்ரவரி 23 அன்று மாலை, சிகாகோவின் யூனிட்டி கட்டடத்தில் 711ஆம் எண் அறையில் நால்வர் கூடினர். ஹாரிஸ், நிலக்கரி வணிகர் சில்வெஸ்டர் ஷீல், சுரங்கப் பொறியாளர் கஸ்டாவஸ் லோர், தையற்கடை நடத்திய ஹைரம் ஷோரி ஆகியோரே அந்நால்வர். அறை லோருடையது. அடுத்தடுத்த கூட்டங்கள் பிற அங்கத்தினரின் அலுவலகங்களில் முறை வைத்து நடந்தன. இவ்வாறு இடம் சுழன்றமையால் ரோட்டரி என்ற பெயர் அமைந்தது. அங்கத்தினர் பெருகவே சுழற்சி நின்றுபோயிற்று, பெயர் நிலைத்தது. தொடக்கத்தில் இரு வாரங்களுக்கு ஒரு முறையே கூடினர். வாரந்தோறும் கூடும் வழக்கத்தைக் கலிபோர்னியாவின் ஓக்லண்ட் நகரச் சங்கம் முதலில் மேற்கொள்ள, பிற சங்கங்களும் அதனைப் பின்பற்றின.

தலைவர் மணியடிப்பார்; கூட்டம் தொடங்கும். உடனிருந்து உண்பர், விருந்தினரை அறிமுகம் செய்வர், ஒருவர் சொற்பொழிவாற்றுவார். இந்த எளிய நிகழ்ச்சிக்குப் பின்னே கண்டிப்பான விதி ஒன்றிருந்தது. தக்க காரணமின்றித் தொடர்ந்து நான்கு கூட்டங்களுக்கு வராதவர் அங்கத்தினர் உரிமையை இழக்க நேரும். ஆனால் வெளியூர் சென்றவர் அவ்வூர்ச் சங்கத்தின் கூட்டத்தில் அமர்ந்தால் அதுவும் வருகையாகவே கொள்ளப்படும். கட்டுப்படுத்திய அவ்விதியே அயலூரில் அவருக்கு ஓர் இருக்கையையும் தேடித் தந்தது.

இந்தியாவின் முதல் ரோட்டரி சங்கம் 1919ஆம் ஆண்டில் கல்கத்தாவில் தோன்றியது. சென்னையிலும் பம்பாயிலும் 1929இல் சங்கங்கள் அமைந்தன. 1962-63இல் கல்கத்தாவைச் சேர்ந்த நிதிஷ் லாஹரி, ஆசியாவிலிருந்து அகில உலக ரோட்டரியின் தலைமையை ஏற்ற முதல்வரானார்.

எனினும் அந்த மேஜையில் எல்லாருக்கும் இடமிருக்கவில்லை. ஒரு தொழிலுக்கு ஒருவர் என்ற வரையறை இருந்தது. பெண்களுக்கோ கதவே திறக்கவில்லை. கலிபோர்னியாவின் துவார்ட்டே நகரச் சங்கம் மூன்று பெண்களைச் சேர்த்துக்கொண்டபோது, 1978இல் தலைமை நிலையம் அச்சங்கத்தையே விலக்கியது. வழக்கு நீதிமன்றம் ஏறியது. 1987 மே 4 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் பெண்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 1989இல் சங்கத்தின் சட்டமன்றமே விதியைத் திருத்தி உலகெங்கும் பெண்களை அனுமதித்தது. தனிமையை நீக்கப் பிறந்த சங்கம், மக்களில் பாதிப்பேரை வெளியே நிறுத்தியிருந்ததை உணர எண்பதாண்டுகளுக்கு மேலாயின.

கூட்டங்களின் எண்ணிக்கையையும் வருகையையும் பற்றிய விதிகளை 2016ஆம் ஆண்டில் ரோட்டரி தளர்த்தியது. வாரந்தோறும் கூடுவது இப்போது கட்டாயமன்று. ஆயினும் அவ்வழக்கம் கற்பித்த பாடம் பழையதாகிவிடவில்லை. நட்புக்குக் குறித்த நாளும் குறித்த நேரமும் வேண்டும். வேற்று மாநிலங்களில் தமிழ்ச் சங்கங்களை நடத்தும் நம்மவர் இதனை நன்கறிவர். அவர்கள் இவ்வரலாற்றிலிருந்து கொள்ளத்தக்கது மற்றொன்று உண்டு. வந்திருப்போரை எண்ணுவதோடு நில்லாமல், நம் கூட்டத்தின் வாயிலுக்கு வெளியே நிற்பவர் யாவர் என்றும் அவ்வப்போது எட்டிப் பார்த்தல் வேண்டும்.