கையொப்பமும் கையூட்டும்

கொழும்பிலே அந்நியக் கம்பனியொன்றிற் கணக்காளனாயிருக்கும் என் பழைய மாணவன் ஒருவன், சென்ற விடுமுறையில் ஊருக்கு வந்தபோது ஒரு சான்றிதழைக் காட்டினான். இலஞ்சம் கொடுத்தலும் வாங்குதலும் குற்றம். பெற்ற பரிசைப் பதிவு செய்தல் வேண்டும். ஐயம் எழுந்தால் மேலிடத்துக்கு அறிவித்தல் வேண்டும். இவற்றைக் கம்பனி ஒரு மணி நேரம் கற்பித்து, வினாக்கள் கேட்டு, ஈற்றில் உறுதிமொழியும் பெற்றுக்கொண்டதாம். “மேலிடமே பிழை செய்தால் யாரிட்டைச் சொல்லுறது, சேர்?” என்று அவன் கேட்டான்.

அக்கேள்விக்கு இரண்டரை நூற்றாண்டு வயதாகின்றது.

1757இல் பிளாசிப் போர் முடிந்ததும், மீர் ஜாபரை வங்காள நவாபாக்கிய ரொபேட் கிளைவ் அவரிடமிருந்து 234,000 பவுணை ‘அன்பளிப்பாக’ப் பெற்றார். நவாபுகள் மாறுந்தோறும் அன்பளிப்புகள் பெருகின. 1765 வரை கிழக்கிந்தியக் கம்பனியின் ஊழியர் இவ்வாறு பெற்ற தொகை இருபது இலட்சம் பவுணுக்கு மேற்பட்டதென்று பின்னர் பிரித்தானியப் பாராளுமன்றக் குழுவொன்று கணக்கிட்டது.

1764இல் இலண்டனிலிருந்த இயக்குநர்கள் விழித்துக்கொண்டனர். வங்காளத்து உழவனுக்காக அவர்கள் கண்ணீர் விட்டார்கள் என்று கொள்வதற்கில்லை. தம் பெட்டிக்கு வரவேண்டிய பணம் ஊழியரின் பைக்குப் போகின்றது, அவர்களின் பேராசையாற் போர்ச் செலவும் ஏறுகின்றது என்பதே இயக்குநரின் கவலை. ஆகவே ஊழியர் யாவரும் உடன்படிக்கையொன்றிற் கையொப்பமிடல் வேண்டுமெனக் கட்டளை பிறந்தது. 4,000 ரூபாவுக்கு மேற்பட்ட பரிசை இயக்குநரின் இசைவின்றிப் பெறலாகாது. 1,000 ரூபாவுக்கு மேற்பட்டதை ஆளுநரும் சபையும் இசைந்தாலன்றிப் பெறலாகாது. இன்றைய கம்பனிகளின் பரிசுப் பதிவேட்டுக்கு இதனை முன்னோடி எனலாம்.

உடன்படிக்கைப் பத்திரம் 1765இன் தொடக்கத்திற் கல்கத்தாவை அடைந்தது. பெப்ரவரியில் மீர் ஜாபர் இறந்தார். சபையினர் பத்திரத்தை ஒருபுறம் வைத்துவிட்டு, அவர் மகனை அரியணையேற்றி, வழமைபோல் அன்பளிப்புப் பெற்றனர். மே மாதம் திரும்பிவந்த கிளைவே அவர்களிடம் கையொப்பம் வாங்கினார். ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டில், உப்பு, பாக்கு, புகையிலை வாணிபத்தை உயர் ஊழியர் தம்முட் பங்கிட்டுக்கொள்ளும் சங்கமொன்றை அமைத்தவரும் அவரே. அதில் அவருக்கும் பங்கிருந்தது. அம்மாதமே வங்காளத்தில் வரி வசூலிக்கும் உரிமையைக் கம்பனி பெற்றது. ஊழியன் பெறும் பரிசு குற்றமாயிற்று. கம்பனி கொள்ளும் கொள்ளை சட்டமாயிற்று. 1770இன் பெரும் பஞ்சத்திலும் வரி வசூல் நின்றுவிடவில்லை.

காலம் மாறியது, கம்பனிகளும் மாறின. 1976இல் லொக்ஹீட் விமானக் கம்பனி பல நாடுகளில் இலஞ்சம் கொடுத்தமை அமெரிக்க செனற் விசாரணையில் அம்பலமாயிற்று. ஜப்பானின் முன்னாட் பிரதமர் தனாக்கா கைதானார். அந்நிய நாட்டு அதிகாரிகளுக்கு இலஞ்சம் கொடுப்பதைத் தடுக்கும் அமெரிக்கச் சட்டம் மறு ஆண்டு பிறந்தது. ஜேர்மனியிலோ 1999 வரை அத்தகைய இலஞ்சத்தை வரிக் கணக்கிற் செலவாகக் கழிக்கவும் இடமிருந்தது. அந்நாட்டுச் சீமென்ஸ் கம்பனியில் நன்னடத்தை விதிகள் இல்லாமலில்லை. ஆயினும் ஊழியர் ஒரே தடவையிற் பத்து இலட்சம் யூரோ வரை எடுத்துச் செல்லத்தக்க பணமேசைகள் அங்கிருந்தன. கொடுப்பனவுக்கான ஒப்புதல், பின்னர் உரித்தெடுத்துவிடத்தக்க ஒட்டுத்தாளில் எழுதப்பட்டது. 2008இல் அக்கம்பனி அமெரிக்காவுக்கும் ஜேர்மனிக்குமாக ஏறக்குறைய 160 கோடி டொலர் செலுத்த நேர்ந்தது. 2020இல் எயார்பஸ் கம்பனி பிரான்சு, பிரித்தானியா, அமெரிக்கா ஆகியவற்றுக்கு ஏறக்குறைய 360 கோடி யூரோ செலுத்த உடன்பட்டது. பிரித்தானிய நீதிமன்றின் முன் வந்த குற்றச்சாட்டுகளிற் குறிக்கப்பட்ட ஐந்து நாடுகளுள் இலங்கையும் ஒன்று.

பிரித்தானியாவின் 2010ஆம் ஆண்டு இலஞ்சச் சட்டத்தின்படி, கம்பனியின் நலனுக்காக ஊழியன் இலஞ்சம் கொடுத்தாற் கம்பனியும் குற்றவாளியாகும். தக்க தடுப்பு ஒழுங்குகளைச் செய்திருந்ததாக நிரூபித்தால் அது தப்பலாம். அவ்வொழுங்குகளுள் ஒன்று பயிற்சி. ஆகவே என் மாணவனின் சான்றிதழ் அவனுக்குக் கல்வி, கம்பனிக்கோ கேடயம்.

இதனாற் பயிற்சியே வீண் என்று நான் கூறவில்லை. எது இலஞ்சம் என்று அறியாத இளைஞன் பிறர் கையில் எளிதிற் கருவியாகிவிடுவான். ஆனால் மேலிருப்பவனைக் கட்டாத கையொப்பம் கீழிருப்பவனை மட்டுமே கட்டும் என்பது 1765 தரும் பாடம். ஒப்பந்தம் கைநழுவினால் வேலை போகும் என்று அச்சுறுத்திக்கொண்டே நேர்மையைப் பற்றி ஒரு மணி நேரம் போதிப்பதிற் பொருளில்லை. மறுத்து நின்ற ஊழியனைக் காக்கத் தொழிற்சங்கம் வேண்டும்; அவன் முறையீட்டைக் கேட்கக் கம்பனிக்கு வெளியே ஓர் அமைப்பு வேண்டும். இலங்கையின் 2023ஆம் ஆண்டு ஊழல் எதிர்ப்புச் சட்டம் தனியார் துறை இலஞ்சத்தையும் குற்றமாக்கி, தகவல் தருவோருக்குப் பாதுகாப்பும் கூறுகின்றது.

அச்சட்டத்தைப் பற்றி அந்த ஒரு மணி நேரத்தில் ஒரு சொல்லாவது சொன்னார்களா என்று மாணவனிடம் கேட்டேன். இல்லையென்றான். முதலிற் கற்பிக்கவேண்டிய பாடம் அதுவே.