அரிக்கமேட்டு மணிகளும் எகிப்தியக் கண்ணாடியும்

திருவண்ணாமலைத் தீப விழாவிற்கு வேங்கிக்கால் வழியாகச் செல்வோர் காணும் கடைகளுள் பாசிமணிக் கடையும் ஒன்று. நூலிற் கோத்த சிறு கண்ணாடி மணி விலையால் எளியது, வரலாற்றால் எளியதன்று. எகிப்தோடு தமிழகம் நிகழ்த்திய கடல் வாணிகத்தைப் பேசுங்கால், யவனர் கண்ணாடி தந்தனர், தமிழர் பெற்றனர் என்று கூறியமைவாருளர். அது பாதி உண்மையே என்பதை ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண், பெற்றதைக் காண்போம். கி.பி. முதல் நூற்றாண்டின் இடைப்பகுதியில் எழுந்த 'எரித்திரியக் கடற் பெரிப்ளுஸ்' என்னும் கிரேக்க நூல், முசிறியில் வந்திறங்கிய பண்டங்களுள் வடிவு செய்யப்படாத கண்ணாடியையும் வைத்தெண்ணுகின்றது. 1945-இல் மார்டிமர் வீலர் புதுச்சேரிக்குத் தெற்கேயுள்ள அரிக்கமேட்டை அகழ்ந்தபோது, மேலைநாட்டு மட்கலங்களோடு உரோமானியக் கண்ணாடிக் கலங்களின் உடைசல்களும் கிடைத்தன. ஆகவே அயல்நாட்டுக் கண்ணாடி இங்கு வந்தது என்பதில் ஐயமில்லை.

அங்ஙனமாயின், அரிக்கமேட்டில் மிகுதியாகக் கிடைக்கும் மணிகளும் அக்கண்ணாடியால் ஆயினவோ எனின், அன்று என்க. பொருளின் கூறே இதற்குச் சான்று. உரோமப் பேரரசின் கண்ணாடி, எகிப்தின் நத்ரூன் பள்ளத்தாக்கிற் கிடைத்த சோடா உப்பை மணலோடு சேர்த்து உருக்கியது; அதில் அலுமினா குறைவு. தென்னாட்டு மணிகள் பலவற்றிலோ அலுமினா மிகுந்துள்ளது. பாறை சிதைந்த மணலும் உவர்நிலத்துப் பூக்கும் உப்பும் கொண்டு அவை ஆக்கப்பட்டன என்பதை இது காட்டும். அரிக்கமேட்டிற் காணப்படும் பொட்டாசு மிகுந்த கண்ணாடியும் உரோமக் கண்ணாடியின் வேறானதே.

செய்முறையும் வேறு. மேலைநாட்டார் குழலால் ஊதிக் கலம் செய்வதிற் சிறந்தனர். நம்மவர் உருகிய கண்ணாடித் திரளைத் துளைத்து, நீண்ட நுண்குழலாக இழுத்து, துண்டுதுண்டாக நறுக்கி, சாம்பலோடு சேர்த்து மீண்டும் சூடேற்றிக் கூர்விளிம்பை மழுக்கினர். ஒரு திரளினின்றே எண்ணிறந்த மணிகள் பிறக்கும். இவ்வகை மணிகள் தென்கிழக்காசியா முதல் ஆப்பிரிக்கா வரை பரவியிருத்தலின், பீட்டர் பிரான்சிஸ் என்னும் அறிஞர் இவற்றை 'இந்தோ-பசிபிக் மணிகள்' எனப் பெயரிட்டழைத்தார்.

இனி, நாம் தந்ததைக் காண்போம். எகிப்தின் செங்கடற்கரையிலுள்ள பெரெனிகே துறைமுகத்தில் 1994 முதல் நடைபெற்ற அகழாய்வுகளில், தென்னிந்தியாவிலோ இலங்கையிலோ செய்யப்பட்ட இத்தகைய மணிகள் வெளிப்பட்டுள்ளன. அதற்கு வடக்கேயுள்ள குசேர் அல்-காதிமில் கணன், சாதன் என்னும் பெயர்கள் தமிழ்ப் பிராமியிற் பொறிக்கப்பட்ட ஓடுகள் கிடைத்துள்ளன. கண்ணாடி வந்த வழியிலேயே நம் நாட்டுக் கண்ணாடியும் சென்றது. மணியோடு மனிதரும் சென்றனர். ஆதலின் தமிழகத்தைக் கொள்வோர் நாடாக மட்டும் கருதுதல் பொருந்தாது. அது கொடுப்போர் நாடுமாம்.

கெய்ரோவில் பழம்புட்டிகளை உருக்கிக் கையால் ஊதிச் செய்யும் கலங்களை அயல்நாட்டார் விரும்பி வாங்குகின்றனர். வாங்குவோர் உளராதலின் அத்தொழில் வாழ்கின்றது. ஈண்டோ, இழுத்து மணி செய்யும் பழைய முறை ஆந்திரத்தில் திருப்பதிக்கு அண்மையிலுள்ள பாப்பாநாயுடுபேட்டையில் மிகச் சிலர் கையிலேயே எஞ்சியது. அகழ்ந்தெடுத்த மணியின் துளையும் வரியும் எவ்வாறு தோன்றின என்பதை உலைமுன் நிற்கும் தொழிலாளியே நன்கு விளக்கவல்லார். மண்ணினுள் மறைந்த சான்றைத் தேடும் நாம், கண்முன் மறையும் சான்றையும் பதிந்து வைத்தல் கடமையாம்.