உயிர்ச்சத்தின் பகை மருந்தான வரலாறு

1845-ஆம் ஆண்டில் பெர்லின் நகரத்து மருத்துவர் விர்ச்சோ, இறந்த நோயாளி ஒருவரின் குருதியில் வெள்ளையணுக்கள் அளவுமீறிப் பெருகியிருக்கக் கண்டார். ‘வெண்குருதி’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களால் அந்நோய்க்கு லூக்கீமியா எனப் பெயரிட்டவரும் அவரே. எலும்பின் மஜ்ஜையில் முதிராத வெள்ளையணுக்கள் கட்டின்றிப் பெருகி, ஏனைய அணுக்களுக்கு இடமில்லாமற் செய்கின்றன. அதனால் சோகையும், இரத்தக் கசிவும், ஓயாத காய்ச்சலும் தோன்றுகின்றன. குழந்தைகளைத் தாக்கும் தீவிர வகைக்கு, பெயரிட்டு நூறாண்டு கழிந்தும் மருந்து கிடைக்கவில்லை.

மருந்து கண்ட வரலாற்றில் நம் நாட்டவர் ஒருவருக்குப் பெரும் பங்குண்டு. 1895-இல் பீமவரத்திற் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்று, 1923-இல் அமெரிக்கா சென்றவர் எல்லாப்பிரகத சுப்பாராவ். பின்னாளில் அவர் லெடர்லி ஆய்வுக்கூடத்தின் ஆராய்ச்சித் தலைவரானார். அதற்கு முன்பே பம்பாயில் லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர், கருவுற்ற மில் தொழிலாளப் பெண்களின் சோகையை ஈஸ்ட் சத்தினால் தீர்க்கலாம் எனக் கண்டிருந்தார். அதில் உறைந்திருந்த உயிர்ச்சத்தே ஃபோலிக் அமிலம். சுப்பாராவின் குழுவினர் அதனை 1945-இல் செயற்கை முறையில் ஆக்கினர்.

பாஸ்டன் நகரத்து மருத்துவர் சிட்னி பார்பர், இச்சத்தினை லூக்கீமியாக் குழந்தைகளுக்கு அளித்தபோது நோய் விரைந்து முற்றியது. ஊட்டினால் நோய் வளருமாயின், ஊட்டத்தை மறித்தால் தளருமன்றோ? சுப்பாராவின் கூடத்தார், ஃபோலிக் அமிலம் போலத் தோன்றி அதன் வேலையைத் தடுக்கும் அமினாப்டெரின் என்னும் மருந்தை ஆக்கித் தந்தனர். 1948-இல் வெளியான அறிக்கையின்படி, 16 குழந்தைகளுள் 10 பேர் தேறினர். எனினும் அந்நலம் சில மாதங்களே நீடித்தது, நோய் மீண்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் சுப்பாராவும் காலமானார்.

மறைந்த நோய் ஒழிந்த நோயாகாது என்பதே அக்குழந்தைகள் உலகுக்கு உணர்த்திச் சென்ற பாடம். அதனை உணர்ந்து, 1960-களில் மருத்துவர்கள் பல மருந்துகளைச் சேர்த்து, நோய் மறைந்த பின்னும் நெடுங்காலம் அளித்தனர். நித்தியகல்யாணிச் செடியிலிருந்து பிரித்தெடுத்த வின்கிரிஸ்டின் அவற்றுள் ஒன்று. அமினாப்டெரினுக்கு நெருங்கிய உறவான மெத்தோட்ரெக்சேட் இன்றும் வழங்குகிறது. மருத்துவ வசதி மிகுந்த நாடுகளில், குழந்தைகளிடம் பெரிதும் காணப்படும் வகையில் பத்தில் ஒன்பது பேர் இன்று பிழைக்கின்றனர்.

வேற்று மாநிலத்தில் வாழும் நம்மவர், குழந்தை முதல் மாதத்திலேயே தேறக் கண்டதும், “இனி ஊருக்குப் போய்விடலாம்” என எண்ணுவது இயல்பே. ஆயினும் சிகிச்சை இரண்டு மூன்று ஆண்டுகள் நீளும். திரும்பியே ஆகவேண்டுமாயின், மருத்துவக் குறிப்புகளைக் கேட்டு வாங்கி, 1954-இல் தொடங்கப்பெற்ற அடையாறு புற்றுநோய் நிலையம் போன்ற இடத்தில் இடைவெளியின்றித் தொடர்தல் வேண்டும். காய்ச்சல் கண்டால், விடியட்டும் எனக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு விரைக. கைகளைக் கழுவுதலும், கொதித்தாறிய நீரும், அன்றன்று சமைத்த உணவும் காவலாகும். நித்தியகல்யாணியை அரைத்துக் கொடுத்தல் நஞ்சூட்டுவதாகும். மருத்துவரைக் கேளாமல் சத்து மாத்திரையும் அளிக்கலாகாது; பார்பர் கண்ட அதே ஃபோலிக் அமிலம் அதில் இருக்கக்கூடும்.