வேலூர் குடிமக்கள் நல மன்றம்

வேலூர் குடிமக்கள் நல மன்றம், பாலாற்றுப் படுகையில் தோல் தொழிற்சாலைகள் விட்ட கழிவுநீருக்கு எதிராக 1991இல் உச்ச நீதிமன்றத்தை நாடிய தன்னார்வ அமைப்பு. அந்தப் பொதுநல வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது. வளங்குன்றா வளர்ச்சி, முன்னெச்சரிக்கை, மாசுபடுத்தியவரே ஈடு கட்டுவது ஆகிய கோட்பாடுகள் இந்திய மண்ணின் சட்டத்தில் அடங்கியவையே என்று அத்தீர்ப்பு அறிவித்தது. சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் மாணவர் எவரும் இந்த வழக்கைத் தொடாமல் தேர்வு எழுத முடியாது. மன்றத்தைவிட மன்றத்தின் பெயரிலான வழக்கே புகழ் பெற்றது என்பதுதான் உண்மை.

ஆறும் தோலும்

பாலாறு கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, ஆந்திரத்தில் கொஞ்ச தூரம் ஓடி, வாணியம்பாடிக்கு மேற்கே தமிழகத்துக்குள் நுழைகிறது. 348 கிலோமீட்டர் நீளத்தில் 222 கிலோமீட்டர் தமிழகத்துக்கு உரியது. கல்பாக்கத்துக்கு அருகே வயலூரில் கடலைச் சேர்கிறது. ‘ஓடுகிறது’ என்று சொல்வதே மரியாதைக்குத்தான். வெள்ளம் வரும் சில நாட்கள் போக, பாலத்தில் நின்று பார்த்தால் மணலும் முள்செடியும்தான் தெரியும். ஆனால் மணலுக்கு அடியில் நீரோட்டம் உண்டு. ஆற்று மணலில் ஊற்றுக்கால்வாய் வெட்டி, அந்த அடிநீரை வயலுக்குத் திருப்பிக்கொண்டுபோன பாசன முறை இப்பகுதியில் இருந்தது. ஊர்களுக்குக் குடிநீர் தந்ததும் படுகைக் கிணறுகள்தாம். மேற்பரப்பில் ஓட்டமில்லாத ஆற்றுக்கு, கழிவை அடித்துக்கொண்டு போகவோ நீர்க்கச் செய்யவோ வழியில்லை. விட்ட இடத்திலேயே இறங்கி, அது நேரே கிணற்றில்தான் போய்ச் சேரும்.

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று இந்த ஆற்றை ஒட்டிய ஊர்களில்தான் தமிழகத் தோல் தொழிலின் பெரும்பகுதி வளர்ந்தது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்ட பழைய முறை மெதுவானது. ஒரு தோல் பக்குவமாக வாரக்கணக்கில் ஆகும். அந்த ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் இன்று புவிசார் குறியீடு பெற்ற பொருள். 1970களில், அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு விதித்து, முழுமையாக்கிய தோலையும் காலணியையும் ஊக்குவித்தது. நாட்டுக்கு அந்நியச் செலாவணி பெருகியது. கூடவே குரோம் உப்பும் சாயமும் அமிலமும் பாலாற்றங்கரைக்கு வந்து குவிந்தன. குரோம் முறையில் ஏறத்தாழ 170 வகை வேதிப்பொருட்கள் பயன்படுவதாக உச்ச நீதிமன்றத் தீர்ப்பு குறிப்பிடுகிறது. ஒரு கிலோ தோல் முழுமையாக்க சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்பதும் அதிலேயே உண்டு.

வெளியாட்கள் குரோமியத்தைப் பற்றியே பேசுவார்கள். விவசாயிக்கு முதல் எதிரி உப்பு. ஆட்டுத்தோலோ மாட்டுத்தோலோ அழுகாமலிருக்க, உரித்தவுடன் கல்லுப்பைத் தூவி அடுக்கடுக்காக வைத்து அனுப்புகிறார்கள். டேனரிக்கு, அதாவது தோல் பதனிடும் ஆலைக்கு, வந்ததும் உதறி எடுத்தது போக மிச்சமுள்ள உப்பு, முதல் ஊறல் தொட்டியிலேயே தண்ணீரில் கரைந்து வெளியேறும். அடுத்து மயிர் நீக்கச் சுண்ணாம்பும் சல்ஃபைடும். அதன் பிறகு மரத்தாலான பெரிய டிரம்முக்குள் குரோமியம் சல்ஃபேட்டுடன் சுழன்று, ‘வெட் புளூ’ என்ற நீலநிற ஈரத்தோலாக வெளிவருகிறது. சாயமும் கொழுப்பும் ஏற்றுவது அதற்கும் பிறகு. நுண்ணுயிரிகளைக் கொண்டு கரிமக் கழிவைச் சிதைத்துவிடலாம். செலவழிந்த குரோமைப் பிரித்து மீண்டும் பயன்படுத்தலாம். கரைந்த உப்பை மட்டும் அந்தச் சுத்திகரிப்பு எதுவும் தொடுவதில்லை. கிணற்று நீர் உவர்ப்பாகி, நிலத்தில் வெள்ளை பூத்து, பயிர் முளைக்காமல் போனதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

வழக்குக்கு முன்

சிக்கல் ஒரே நாளில் முளைத்ததல்ல. வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று அப்போது வழங்கிய இப்பகுதியில் 584 டேனரிகள் இருந்தன. அவற்றில் 443தான் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவுக்கு விண்ணப்பித்திருந்தன. சுத்திகரிப்பு நிலையம் அமைக்க அரசு 1985 ஜூலை 31 வரை கெடு கொடுத்திருந்தது. வழக்கு விசாரணைக்காகத் தொகுத்த அறிக்கையின்படி, அமைத்தவை 33. தமிழ்நாடு சட்ட உதவி வாரியம் அனுப்பிய வழக்கறிஞர்கள் திருப்பத்தூர், வேலூர், ராணிப்பேட்டைக் கோட்டங்களின் கிராமங்களைச் சுற்றிப் பார்த்து, பாழான கிணறுகளையும் நிலங்களையும் பதிவு செய்தார்கள். வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம், தோல் தொழில் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போய்விட்டதாகக் கணக்கிட்டது. தோல் தொழிலின் மற்றொரு மையமான திண்டுக்கல்லில் 13 கிராமங்களை ஆராய்ந்த ஒரு தொண்டு நிறுவனம், 467 கிணறுகளில் 350 கெட்டுவிட்டதாகச் சொன்னது.

இந்த மோதலை ‘ஊர் எதிர் ஆலை’ என்று எளிமைப்படுத்திவிட முடியாது. தோல் வணிகம் செய்த குடும்பங்கள்தாம் இந்த ஊர்களில் பள்ளிகளையும் கல்லூரிகளையும் எழுப்பின. வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி 1919இலேயே தொடங்கியது. ஒரே வீட்டில் அண்ணன் டேனரியில் டிரம் ஓட்டுவார். தம்பி கெட்டுப்போன கிணற்றை வைத்துக்கொண்டு தென்னை காப்பாற்றப் பார்ப்பார். ஆம்பூரின் காலணி ஆலைகள் பெண்களுக்குத் தந்த மாதச் சம்பளமும் சாதாரணமானதல்ல. ஆலைகளை ஒழிப்பதல்ல, பொறுப்பேற்க வைப்பதே வழக்கின் நோக்கமாக அமைந்ததற்கு இந்தப் பின்னணியும் ஒரு காரணம் என்று கொள்ளலாம்.

உச்ச நீதிமன்றத்தில்

அரசியலமைப்பின் 32ஆம் பிரிவின் கீழ் மன்றம் தாக்கல் செய்த 914/1991 எண் கொண்ட மனு, டேனரிகளும் பிற ஆலைகளும் சுத்திகரிக்காத கழிவுநீரைப் பாலாற்றிலும் வயல்வெளிகளிலும் சாலையோரங்களிலும் விடுவதைத் தடுக்கக் கோரியது. கங்கை மாசு, தாஜ்மகால் வழக்குகளால் பெயர் பெற்ற எம்.சி. மேத்தா மன்றத்துக்காக வாதாடினார். நாக்பூரில் உள்ள தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் (நீரி) களத்துக்கு வந்து, அமைந்த, அமையவிருந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைப் பார்வையிட்டு அறிக்கை தந்தது. மாநிலத்தின் ஐந்து மாவட்டங்களில் 900க்கும் மேற்பட்ட டேனரிகள் விசாரணை வட்டத்துக்குள் வந்தன.

நீதிபதிகள் குல்தீப் சிங், ஃபைசான் உத்தீன், கே. வெங்கடசாமி ஆகியோர் அடங்கிய அமர்வின் தீர்ப்பை எழுதியவர் குல்தீப் சிங். நாட்டின் முழுமையாக்கிய தோல் ஏற்றுமதியில் சுமார் 80 விழுக்காடு தமிழகத்தினுடையது என்பதைத் தீர்ப்பு ஒப்புக்கொள்கிறது. வேலையும் அந்நியச் செலாவணியும் தருகிறது என்பதற்காகச் சூழலை அழிக்கவும் மக்கள் உடல்நலத்தைக் கெடுக்கவும் எந்தத் தொழிலுக்கும் உரிமை கிடையாது என்பது அதன் சாரம். 1972 ஸ்டாக்ஹோம் மாநாடு, 1987இன் புருண்ட்லாண்ட் அறிக்கை, 1992 ரியோ மாநாடு என்று உலக அரங்கில் வளர்ந்துவந்த கருத்துகளை, வாழ்வுரிமை தரும் 21ஆம் பிரிவோடும் சுற்றுச்சூழலைக் காக்கச் சொல்லும் 48அ, 51அ(எ) பிரிவுகளோடும் நீதிமன்றம் இணைத்தது. முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டின்படி, கேடு விளையும் என்பதற்கு அறிவியல் உறுதி இன்னும் கிட்டவில்லை என்று சொல்லித் தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது. தன் செயலால் தீங்கில்லை என்று நிரூபிக்கும் சுமை ஆலையின் தலையில். கிணறு இழந்த விவசாயி ஆய்வகத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை என்று இதற்குப் பொருள்.

தீர்ப்பின் நடைமுறை ஆணைகள் கறாரானவை. ஒவ்வொரு டேனரியும் 1996 அக்டோபர் 31க்குள் 10,000 ரூபாய் அபராதத்தை ஆட்சியர் அலுவலகத்தில் கட்ட வேண்டும். நவம்பர் 30க்குள் சுத்திகரிப்பு ஏற்பாடும் வாரியத்தின் இசைவும் இல்லாத ஆலையை ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் மூட வேண்டும். நீர்நிலைகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பெருமாசு ஆலைகள் வரக் கூடாது என்ற 1989ஆம் ஆண்டு அரசாணையைச் செயல்படுத்த வேண்டும். சேதத்தை மதிப்பிட்டு ஈடு வழங்க ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் மத்திய அரசு ஓர் ஆணையம் அமைக்க வேண்டும். மேற்பார்வைக்குச் சென்னை உயர் நீதிமன்றத்தில் தனிப் ‘பசுமை அமர்வு’ வேண்டும். மேத்தாவின் வழக்குச் செலவுக்கு 50,000 ரூபாயைத் தமிழக அரசே கொடுக்க வேண்டும் என்றும் தீர்ப்பில் இருக்கிறது. டேனரி முதலாளிகளுக்கு 10,000 ரூபாய் ஒரு பொருட்டே அல்ல. இசைவு இல்லையேல் பூட்டு என்ற ஆணைதான் அவர்களை அசைத்தது.

தீர்ப்புக்குப் பின்

பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் மத்திய, மாநில அரசு மானியத்துடனும் ஆலைகளின் பங்குப் பணத்துடனும் வளர்ந்தன. வாணியம்பாடியில் வானிடெக், ஆம்பூரில் ஆம்பூர்டெக், ராணிப்பேட்டையில் ரானிடெக் என்ற பெயர்கள் இன்று ஊரார் வாயிலும் புழங்குகின்றன. கரைந்த உப்பைப் பிடிக்க எதிர் சவ்வூடு பரவல் இயந்திரங்களும் ஆவியாக்கிகளும் பின்னாளில் சேர்ந்தன. ஒரு சொட்டும் வெளியே விடாத திட்டம் என்று அதற்குப் பெயர். தண்ணீர் மீண்டும் டிரம்முக்குப் போய்விடுகிறது. மிஞ்சும் கலப்பு உப்பை வாங்குவார் இல்லாததால் அது மூட்டை மூட்டையாகக் கொட்டகைகளில் கிடக்கிறது. கசடு வேறு. 2015 ஜனவரி இறுதியில் ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் நள்ளிரவில் இடிந்து, அருகில் உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். மாசைக் கட்டுப்படுத்தக் கட்டிய இடத்திலேயே இந்தச் சாவு என்பதை வேலூர் வரலாற்றில் மறைக்க முடியாது.

ராணிப்பேட்டையின் இன்னொரு சுமை, தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை. அது 1990களின் நடுவில் மூடப்பட்டபோது, நச்சுத்தன்மை மிகுந்த ஆறு இணைதிறன் குரோமியம் கொண்ட கழிவு மலைபோல் கிடந்தது. உலகின் மிக மோசமாக மாசடைந்த பத்து இடங்களில் ஒன்றாக 2006இல் பிளாக்ஸ்மித் நிறுவனம் ராணிப்பேட்டையைப் பட்டியலிட்டது.

இழப்பீட்டின் கதை நீளமானது. ஆணையம் 1996 செப்டம்பர் 30 அன்று உருவானது, நீதிபதி பி. பாஸ்கரன் தலைவர். 2001 மார்ச்சில் அது அளித்த தீர்வில், 547 டேனரிகள் 29,193 பேருக்குச் சுமார் 26.82 கோடி ரூபாய் தர வேண்டும் என்றது. கணக்குப் போட்டால் தலைக்குச் சராசரி 9,200 ரூபாய்கூட வராது. 1991 முதல் 1998 முடிய ஏழாண்டுக்கும் மேற்பட்ட நாசத்துக்கு இது ஈடு. அந்தத் தொகையும் சுலபமாகக் கைக்கு வரவில்லை. வழக்கு மேல் வழக்கு நீண்டது.

இந்தக் கட்டத்தில் முன்னால் நின்றது வேலூர் மாவட்ட சுற்றுச்சூழல் கண்காணிப்புக் குழு என்ற மற்றொரு உள்ளூர் அமைப்பு. பாதிக்கப்பட்டோர் அனைவருக்கும் ஈடு கிடைக்கவும், ஆறு சீர்படவும் அது சென்னை உயர் நீதிமன்றத்திலும் பிறகு உச்ச நீதிமன்றத்திலும் போராடியது. இதற்கிடையே 2019 நவம்பரில் மாவட்டமே மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின. ராணிப்பேட்டை தனி மாவட்டமானது. ஒரே ஆற்றின் ஒரே சிக்கலுக்கு மனு கொடுக்க இப்போது மூன்று ஆட்சியர் அலுவலகங்கள்.

மன்றத்தின் வழக்கால் நிலைபெற்ற கோட்பாடுகள் பாலாற்றைத் தாண்டிப் பயணம் செய்துவிட்டன. 2010ஆம் ஆண்டின் தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம், தன் 20ஆம் பிரிவில் அந்த மூன்றையும் தீர்ப்பாயம் பின்பற்றியே ஆக வேண்டும் என்று எழுதிவைத்தது.

கண்காணிப்புக் குழுவின் மேல்முறையீட்டில் நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு 2025 ஜனவரி 30 அன்று தீர்ப்பளித்தது. நிலுவை இழப்பீட்டை ஆறு வாரத்துக்குள் அரசு கொடுத்துவிட்டு, மாசுபடுத்திய ஆலைகளிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்து ஆற்றை மீட்க வேண்டும் என்று ஆணையிட்டது. ஒரு முறை ஈடு கட்டியதோடு பொறுப்பு தீராது, விளைந்த கேடு சரியாகும்வரை மாசுபடுத்தியவரின் கடன் தொடரும் என்பது அத்தீர்ப்பின் நிலைப்பாடு. குடிமக்கள் நல மன்றம் 1991இல் மனு போட்டதிலிருந்து இந்தத் தீர்ப்பு வர 33 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.