குழந்தைக்காகப் பேசுவது யார்?

1976ஆம் ஆண்டு. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் சிறார் வழக்குகளை விசாரித்துவந்த நீதிபதி டேவிட் சூக்கப் முன்னால், வதைக்கு உள்ளானதாகச் சொல்லப்பட்ட மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்றின் வழக்கு வந்தது. இத்தகைய வழக்குகளில் பெற்றோர் தரப்பு பேசும், அரசுத் துறை பேசும். குழந்தைக்காக மட்டும் பேச ஆளிருக்காது. அரைகுறைத் தகவலை வைத்துக்கொண்டு ஒரு குழந்தையின் வாழ்க்கையைத் தீர்மானிக்கிறோமே என்பது அவரை உறுத்தியது. பொதுமக்களிலிருந்து தன்னார்வலர்களைச் சேர்க்கலாமா என்று பேசிப் பார்க்க, ஒரு மதிய உணவு வேளையில் கூட்டம் வைத்தார். நாலைந்து பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்தார். வந்தவர்கள் 50 பேர்.

1977இல் தொடங்கிய அந்த முயற்சிதான் 'கோர்ட் அப்பாயின்டட் ஸ்பெஷல் அட்வகேட்ஸ்' என்ற அமைப்பானது. நீதிமன்றம் நியமிக்கும் சிறப்புப் பேச்சாளர்கள் என்று சொல்லலாம். இன்று 49 மாநிலங்களில் ஏறத்தாழ 900 கிளைகள் இருக்கின்றன. தன்னார்வலர் வழக்கறிஞராக இருக்க வேண்டியதில்லை. 30 மணி நேரப் பயிற்சி பெற்றால் போதும். அரசின் களப்பணியாளர் தலையில் பல குழந்தைகளின் கோப்புகள் குவிந்துகிடக்கும். தன்னார்வலரோ ஒன்றிரண்டு குழந்தைகளை மட்டும் கவனிப்பார். குழந்தையைப் போய்ப் பார்ப்பார், ஆசிரியரிடமும் மருத்துவரிடமும் உறவினரிடமும் பேசுவார், நீதிபதிக்கு அறிக்கை எழுதுவார். களப்பணியாளர் மாறுவார், வளர்ப்புக் குடும்பம் மாறும். மாறாமல் கூட வருகிற முகம் இவருடையதாக இருக்கும். இந்த உழைப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆனால் இந்தக் கதையைச் சியாட்டிலில் தொடங்கினால் பாதி வரலாறு விடுபட்டுவிடும். அந்தக் குழந்தைகள் அரசின் பராமரிப்புக்குள் எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பது அந்தப் பாதியில்தான் இருக்கிறது.

1960இல் லூசியானா மாநில அரசு, பள்ளிகளில் நிறப்பாகுபாட்டை ஒழிப்பதை எதிர்த்து வரிசையாகச் சட்டங்கள் போட்டது. அவற்றோடு வந்ததுதான் 'தகுந்த வீடு' விதி. திருமணம் இல்லாமல் குழந்தை பெற்ற தாயின் வீடு தகுந்த வீடல்ல, அங்கே உதவித்தொகை இல்லை. ஒரே வீச்சில் சுமார் 23,000 குழந்தைகளின் பெயர்கள் அடிபட்டன. அவர்களில் பெரும்பான்மையோர் கறுப்பினக் குழந்தைகள். எதிர்ப்பு கிளம்பியதும் 1961இல் ஒன்றிய அரசு தலையிட்டது. வீடு சரியில்லை என்று சொல்லி உதவியை மட்டும் நிறுத்தக் கூடாது. ஒன்று வீட்டைச் சரிசெய்ய உதவு, இல்லையென்றால் குழந்தையை வேறிடத்தில் வைத்துப் பராமரி என்றது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படிப் பிரித்து வைக்கும் பராமரிப்புக்கு ஒன்றிய நிதியும் வந்தது. தாய்க்குக் கொடுக்க மனமில்லாத பணம், அவளிடமிருந்து பிள்ளையைப் பிரித்து வைக்கக் கிடைத்தது.

அமெரிக்கப் பூர்வகுடிகளுக்கு நடந்தது இன்னும் கொடுமை. 1958 முதல் 1967 வரை அவர்களின் குழந்தைகளை வெள்ளையினக் குடும்பங்களுக்குத் தத்துக் கொடுக்க அரசே தனித் திட்டம் நடத்தியது. 1970களில் எடுக்கப்பட்ட கணக்கெடுப்புகளின்படி, பூர்வகுடிக் குழந்தைகளில் 25 முதல் 35 விழுக்காட்டினர் குடும்பத்தைவிட்டுப் பிரிக்கப்பட்டிருந்தனர். பாட்டியும் சித்தியும் சேர்ந்து பிள்ளை வளர்க்கும் முறை அதிகாரிகளின் கண்ணுக்குக் 'கவனிப்பின்மை'யாகத் தெரிந்தது. பூர்வகுடி மக்கள் போராடி 1978இல் ஒரு சட்டம் பெற்றார்கள். பிள்ளையை வெளியே வைக்க நேர்ந்தால் முதலில் உறவினர், அடுத்து அதே இனக்குழு, அதன்பின் வேறு பூர்வகுடிக் குடும்பம் என்று அது முன்னுரிமையை வகுத்தது. 2023இல் உச்ச நீதிமன்றத்தில் அதை ஒழிக்க நடந்த முயற்சி 7க்கு 2 என்ற தீர்ப்பில் தோற்றது.

இரண்டு வரலாறுகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சியாட்டிலில், குழந்தைக்காகப் பேச வெளியிலிருந்து ஒரு நல்ல மனிதரைக் கொண்டுவந்தார்கள். பூர்வகுடி மக்களோ, எங்கள் பிள்ளையைப் பற்றிப் பேசும்போது எங்களையும் உட்கார வை என்றார்கள்.

முதல் வழியின் சிக்கல் பின்னால் வெளிப்பட்டது. தன்னார்வலர்களில் பெரும்பாலோர் வெள்ளையினப் பெண்கள். அமெரிக்கச் சிறார்களில் சுமார் 14 விழுக்காடாக இருக்கும் கறுப்பினக் குழந்தைகளோ, அரசுப் பராமரிப்பில் இருப்போரில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். அடி உதையைவிடக் 'கவனிப்பின்மை' என்ற காரணத்தால்தான் அதிகக் குழந்தைகள் பிரிக்கப்படுகிறார்கள். வாடகை கட்ட முடியாததும், வேலைக்குப் போகும் தாய் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் விட்டுப்போவதும் பல நேரம் அந்தச் சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. வறுமைக்குக் குற்றம் என்று பெயர் வைக்கிறார்கள் என்பதைச் சட்ட அறிஞர் டோரத்தி ராபர்ட்ஸ் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக எழுதிவருகிறார். டெக்சாஸ் மாநிலத் தரவுகளை வைத்து 2020இல் வெளியான ஓர் ஆய்வு, தன்னார்வலர் நியமிக்கப்பட்ட குழந்தைகள் சொந்தப் பெற்றோரிடம் திரும்பும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் குறைவு என்று கண்டது. சிக்கலான வழக்குகளே தன்னார்வலர்களிடம் போகின்றன என்பதைக் கணக்கில் கொண்டு பார்த்த பிறகும் முடிவு அதுதான்.

அந்தத் தன்னார்வலர்கள் கெட்டவர்கள் இல்லை. நல்ல வீடு என்றால் அவர்களுக்குத் தங்கள் வீடுதான் நினைவுக்கு வருகிறது, அவ்வளவுதான். தனி அறை, ஃப்ரிட்ஜ் நிறைய உணவு, சத்தமில்லாத தெரு. அந்த அளவுகோலில் ஏழைத் தாயின் அன்புக்கு மதிப்பெண் இல்லை.

இதை வாசிக்கும்போது நமக்கு 1931 நினைவுக்கு வர வேண்டும். லண்டன் இரண்டாவது வட்டமேசை மாநாட்டில், தீண்டப்படாத மக்களுக்கும் தானே பிரதிநிதி என்றார் காந்தி. அந்த உரிமைகோரலை நேருக்கு நேர் மறுத்தார் அண்ணல் அம்பேத்கர். ஒருவர் நல்லவரா என்பதும், நமக்காகப் பேசும் உரிமை அவருக்கு உண்டா என்பதும் வேறு வேறு கேள்விகள்.

குழந்தை தனக்காக மாநாட்டில் பேச முடியாது என்பது உண்மை. அதனாலேயே பேசுகிறவர் யார் என்பதில் கூடுதல் கவனம் வேண்டும். நம் நாட்டில் இளைஞர் நீதிச் சட்டம் 2015 வளர்ப்புப் பராமரிப்புக்கு வழி செய்கிறது. போக்சோ வழக்குகளில் குழந்தைக்குத் துணையாக 'ஆதரவு நபர்' நியமிக்கப்படுகிறார். இதை வாசிக்கும் மாணவர்கள் பலர் நாளை அந்த வேலைகளுக்கு வருவீர்கள். சேரியிலிருந்து வந்து சமூகப்பணி படித்த எங்களுக்கே, சமூக விசாரணை அறிக்கை எழுத உட்கார்ந்தால் 'குடிசை வீடு, தாய் கூலி வேலை, சூழல் சரியில்லை' என்று பேனா தானாக ஓடுகிறது. பாடப்புத்தகம் பழக்கிய கை அது.

ஆகவே எழுதும் முன் சிலவற்றைக் கேட்டுக்கொள்வோம். குழந்தை என்ன சொன்னது, அதன் சொற்களிலேயே எழுதினோமா? பாட்டியிடமும் பெரியம்மாவிடமும் போய்ப் பேசினோமா? பிள்ளையைப் பிரிக்க ஆகும் செலவைத் தாயிடம் கொடுத்தால் பிரிக்க வேண்டியே வராதா? வதை நடந்த வீட்டிலிருந்து குழந்தையை மீட்கத் தயங்கக் கூடாது. வறுமை இருக்கும் வீட்டிலிருந்து பிரிப்பதற்கு மீட்பு என்று பெயர் வைக்கவும் கூடாது.