கத்தரிக்காய் வழக்கு

என் தாய்மாமன் வேலூருக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் முக்கால் ஏக்கரில் முள்ளுக் கத்தரி போட்டிருந்தார். வீடு நிலத்திலேயே இருந்தது. கிணற்று மேட்டில், வாய்க்கால் ஓரமாக, அந்த முக்கால் ஏக்கரில் சேராமல் நாலு கத்தரிச் செடிகள் தனியாக நிற்கும். வீட்டுக் குழம்புக்குக் காய் அந்த நாலு செடியிலிருந்துதான் வரும். தோட்டத்துக் காய் மண்டிக்குப் போகும். சின்ன வயதில் ஒரு முறை விவரம் தெரியாமல் தோட்டத்தில் இறங்கிக் காய் பறித்துச் சட்டையில் ஏந்திக்கொண்டு போனேன். அத்தை பார்த்தவுடன் அவ்வளவையும் பிடுங்கி எருக்குழியில் கொட்டினாள். என் கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினாள். “முந்தாநாள்தான்டா மருந்தடிச்சது” என்றாள்.

அன்று விடியற்காலையில்தான் மூன்று மூட்டை காய் மண்டிக்குப் போயிருந்தது.

அந்த நாலு செடியை நான் வெகுநாள் மறந்திருந்தேன். 2010-ஆம் வருஷம் இந்தத் தேசத்தில் கத்தரிக்காயைப் பற்றிப் பெரிய வழக்கு ஒன்று நடந்தது. கோர்ட்டுப் படியேறாமல், ஊர் ஊராகச் சபை கூட்டி நடந்த வழக்கு. அதில் நானும் ஒரு சின்னக் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கையெழுத்தின் கதையைப் பின்னால் சொல்கிறேன். கல்லூரியில் இரண்டு வருஷம் தாவர சாஸ்திரம் படித்ததற்கு மேல் இந்த விஷயத்தில் எனக்கு அதிகாரம் கிடையாது. ஆனால் ஒரு வழக்கில் யார் யார் என்ன பயத்தோடு வந்து நிற்கிறார்கள் என்று பார்ப்பது கதை எழுதுகிறவனுக்குப் பழக்கம். அதை நம்பித்தான் எழுதுகிறேன்.

முதலில் புழு. கத்தரியில் காய்த்துளைப்பான் என்று ஒன்று உண்டு. ஒரு சின்ன வெள்ளை அந்துப்பூச்சி இலையில் முட்டையிட்டுவிட்டுப் போகும். முட்டையிலிருந்து வந்த புழு சீக்கிரமே குருத்தையோ காயையோ துளைத்து உள்ளே போய்விடும். போன துவாரத்தைத் தன் எச்சத்தாலேயே அடைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு வெளியே ஆற்று வெள்ளம்போல் மருந்து ஓடினாலும் அதற்குக் கவலை இல்லை. ஆகவே புழு வெளியே இருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் அடிக்கவேண்டும். அது எந்த நேரம் என்று குடியானவனுக்கு எப்படித் தெரியும்? தெரியாததனால் வாரத்துக்கு இரண்டு தடவை அடிக்கிறான். காய்ப்பு மும்முரமாக இருந்தால் பறிப்புக்கு முதல் நாள்கூட அடிக்கிறான். பட்டணத்தில் நாம் காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஓட்டையில்லாததாகப் பொறுக்கி எடுக்கிறோமே, அந்தப் பொறுக்கலுக்காகத்தான் அத்தனை மருந்தும்.

இந்தப் புழுவுக்கு மாற்று என்று வந்த சரக்குக்கு நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சரித்திரம் உண்டு. 1901-ல் ஜப்பானில் இஷிவாதா என்பவர், பட்டுப்புழுக்கள் திடீரென்று செத்து விழுவதற்குக் காரணமான ஒரு நுண்ணுயிரைக் கண்டார். பத்து வருஷம் கழித்து ஜெர்மனியில் பெர்லினர் என்பவர் மாவில் உண்டாகும் பூச்சியின் புழுவில் அதையே பார்த்தார். துரிங்கியா என்ற பிரதேசத்திலிருந்து வந்த பூச்சியானதால் பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்று அதற்குப் பெயர் வந்தது. பி.டி. என்பது அதன் சுருக்கந்தான். அது உண்டாக்கும் ஒரு புரதம் புழுவின் குடலிலுள்ள காரத்தில் கரைந்து, குடல் சுவரைப் பிடித்துக்கொண்டு ஓட்டை போடுகிறது. மனிதன் வயிற்றில் இருப்பது அமிலம். அந்தப் புரதம் பிடித்துக்கொள்வதற்கான இடமும் நம் குடலில் இல்லை.

1938-ல் பிரான்ஸில் இந்த நுண்ணுயிரைச் சரக்காக்கி விற்கவே தொடங்கிவிட்டார்கள். ரசாயன மருந்துகளின் கொடுமையை உலகத்துக்கு எடுத்துச் சொன்ன ராச்சேல் கார்சன் அம்மையார், 1962-ல் வெளிவந்த தம்முடைய ‘மௌன வசந்தம்’ நூலின் கடைசிப் பகுதியில், விஷத்துக்கு மாற்றாகக் குறிப்பிடும் வழிகளில் இதுவும் ஒன்று. இயற்கை விவசாயம் செய்கிறவர்கள் இன்றும் இதைத் தெளிக்கிறார்கள். பிற்பாடு, அந்தப் புரதத்துக்கு உத்தரவு போடும் மரபணுவை மட்டும் எடுத்து விஞ்ஞானிகள் செடிக்குள்ளேயே வைத்தார்கள். வெளியே தெளித்தவரையில் சாதுவாக இருந்த வஸ்து, உள்ளே போனதும் பூதமாகிவிட்டது. இதைப் பார்த்து விஞ்ஞானிகள் சிரிப்பதுண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. தெளித்ததைக் கழுவிவிடலாம், உள்ளேயே இருப்பதை எப்படிக் கழுவுவது என்று ஒரு கிழவி கேட்டால் அது அசட்டுக் கேள்வியா?

வாஸ்தவத்தில் பயம் முதலில் விஞ்ஞானிகளுக்கேதான் வந்தது. 1974-ல் பால் பெர்க் முதலானவர்கள், மரபணுக்களை வெட்டி ஒட்டும் சோதனைகளில் சிலவற்றைக் கொஞ்ச காலம் நிறுத்திவைப்போம் என்று தாங்களாகவே அறிக்கை விட்டார்கள். மறு வருஷம் கலிபோர்னியாவில் அசிலோமார் என்ற கடற்கரை இடத்தில் கூடி, விதிகள் வகுத்துக்கொண்டு மறுபடியும் தொடங்கினார்கள். 1994-ல் அமெரிக்கக் கடைகளுக்குச் சீக்கிரம் தளர்ந்துபோகாத தக்காளி ஒன்று வந்தது. கட்டுப்படியாகாமல் சில வருஷங்களிலேயே மறைந்தும் போயிற்று.

சண்டை நடுக்கூடத்துக்கு வந்தது 1998-ல், ஓர் உருளைக்கிழங்கினால். ஆர்பாட் புஸ்தாய் என்ற ஹங்கேரிக்காரர், 1956-ல் அங்கே நடந்த கிளர்ச்சி நசுக்கப்பட்டபின் தேசத்தை விட்டு வெளியேறி, பிரிட்டன் போய்ச் சேர்ந்தவர். ஸ்காட்லாந்தில் அபர்தீன் நகரத்து ரோவெட் ஆராய்ச்சி நிலையத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தார். பனித்துளிப் பூ என்று ஒரு பூண்டு. அதன் மரபணுவை வைத்த உருளைக்கிழங்கை எலிகளுக்குக் கொடுத்தார். எலிகளின் வளர்ச்சி சற்றுக் குன்றுகிறது, நோய் எதிர்ப்புச் சக்தியும் குறைகிறது என்று 1998 ஆகஸ்டு 10-ந் தேதி டெலிவிஷனில் சொன்னார். நானாக இருந்தால் இதைச் சாப்பிடமாட்டேன் என்றும் சொன்னார். இரண்டு மூன்று நிமிஷப் பேச்சு. அந்த வாரமே அவரை வேலையிலிருந்து நிறுத்தி, பேசக்கூடாது என்று வாயைக் கட்டினார்கள். சோதனை ஒழுங்காகச் செய்யப்படவில்லை, அதிலிருந்து எந்த முடிவுக்கும் வரமுடியாது என்று மறு வருஷம் ராயல் சொஸைட்டி தீர்ப்புச் சொன்னது. அதே வருஷம் அக்டோபரில் ‘லான்செட்’ பத்திரிகை அந்த ஆராய்ச்சியின் ஒரு பகுதியை வெளியிட்டது.

சோதனை பலவீனமானது என்ற கட்சிதான் சரியென்று எனக்கும் தோன்றுகிறது. ஆனால் ஒரு மனிதர் சொன்னதைச் சபையில் வைத்து மறுப்பதற்கு முன்னால் அந்த மனிதரை வெளியே அனுப்பினார்கள். அதற்குப் பிறகு ‘பயமில்லை’ என்று யார் வந்து சொன்னாலும் ஜனங்கள் ஏன் நம்பவேண்டும்? எதிர்க்கட்சியாரும் சளைத்தவர்களல்ல. 2012-ல் செராலினி என்ற பிரெஞ்சுக்காரர், மரபணு மாற்றிய சோளம் தின்ற எலிகளுக்குக் கட்டிகள் வந்ததாகப் படங்களோடு கட்டுரை போட்டார். பத்திரிகையே 2013-ல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. படங்கள் மட்டும் இன்றும் கைக்குக் கை போய்க்கொண்டிருக்கின்றன. 2016-ல் அமெரிக்க விஞ்ஞானக் கழகங்கள் நூற்றுக்கணக்கான ஆராய்ச்சிகளைப் புரட்டிப் பார்த்து, கடைக்கு வந்திருக்கும் மரபணு மாற்றிய உணவுகளால் மற்ற உணவுகளைவிட மனித உடம்புக்கு அதிகத் தீங்கு என்பதற்கு ஆதாரம் அகப்படவில்லை என்று எழுதின. பட்டணத்து வாசகன் என்ற முறையில் எனக்கு அது போதும். கட்டுரையை இங்கேயே முடித்துவிட்டிருப்பேன், மாமாவின் நாலு செடி மட்டும் இல்லையென்றால்.

நம் ஊர்க் கதைக்கு வருவோம். பருத்தியில் பி.டி. 2002-லேயே வந்துவிட்டது, அதை யாரும் தின்னப்போவதில்லை. தின்கிற பொருளில் முதல் முயற்சி கத்தரி. மஹிகோ கம்பெனியார் மரபணுவைக் கொடுத்தார்கள். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் தார்வார் பல்கலைக்கழகமும் தங்கள் தங்கள் கத்தரிகளில் அதை ஏற்றின. கோவை 2, மதுரை 1, கிள்ளிகுளம் 1, பாலூர் 1 என்று நம்மூர்ச் சர்க்கார்த் தோட்டங்களில் பிறந்த ரகங்களே மாற்றம் பெற்றன. தார்வாரில் சேர்த்துக்கொண்டவற்றில் உடுப்பிக் குல்லாக் கத்தரியும் ஒன்று. வாதிராஜ சுவாமிகள் கையால் விதை கொடுத்த கத்தரி என்று அந்தப் பக்கத்தில் அதற்கு ஸ்தல புராணமே உண்டு. ஊராரைக் கேட்காமல் எடுத்தார்கள் என்று பிற்பாடு அது தனி வழக்காயிற்று.

2009 அக்டோபர் 14-ல் மத்திய சர்க்காரின் அங்கீகாரக் குழு ‘சரி’ என்றது. சுற்றுச்சூழல் மந்திரியாக இருந்த ஜெயராம் ரமேஷ் உடனே கையெழுத்துப் போடவில்லை. ஜனங்களைக் கேட்கிறேன் என்று கிளம்பினார். 2010 ஜனவரி 13-ல் கல்கத்தாவில் ஆரம்பித்து, புவனேசுவரம், ஆமதாபாத், நாகபுரி, சண்டிகார், ஹைதராபாத், பெங்களூர் என்று ஏழு ஊர். சுமார் 8,000 பேர் வந்தார்கள். விஞ்ஞானிகள், குடியானவர்கள், வைத்தியர்கள், விதை வியாபாரிகள், சங்கத்தார். கத்தரிக்காயை மாலையாகப் போட்டுக்கொண்டு கோஷம் போட்டவர்களும் உண்டு. நாலு தமிழ்நாட்டு ரகங்கள் கூண்டில் நின்றிருக்க, சென்னை அந்த ஏழில் இல்லை.

அந்த விவாதங்களைப் படித்துப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரிகிறது. எல்லோரும் ‘பாதுகாப்பா?’ என்ற ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள். வாங்கித் தின்கிறவன் தன் வயிற்றை நினைத்துக் கேட்டான். விதையை வருஷா வருஷம் ஒரு கம்பெனியிடம் போய் வாங்கவேண்டி வருமோ என்று பயந்தவனும், அதை அப்படியே சொன்னால் எடுபடாது என்று, உடம்புக்குக் கெடுதல் என்றுதான் சொன்னான். கத்தரி பிறந்த தேசமே இதுவாயிற்றே, மகரந்தம் பறந்து நாட்டு ரகங்களோடு கலந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டவர்களும் அதே சொல்லைத்தான் கையிலெடுத்தார்கள். பதில் சொன்ன விஞ்ஞானிகளோ எல்லாக் கேள்விக்கும் எலியையே காட்டினார்கள். விதை யாருக்குச் சொந்தம் என்று எலி சொல்லுமா?

மந்திரி இதைக் கவனித்திருக்கிறார். 2010 பிப்ரவரி 9-ல் அவர் வெளியிட்ட தீர்மானத்தில், கோயம்புத்தூர்ப் பல்கலைக்கழகமும் கம்பெனியும் 2005-ல் செய்துகொண்ட ஒப்பந்தத்தை எடுத்து வைத்து, இதில் உரிமை யாருடையது என்று சந்தேகம் எழுப்புகிறார். பல்கலைக்கழக ரகங்களின் விதையைக் குடியானவன் எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்பது பொதுவில் சொல்லப்பட்ட ஏற்பாடு. ஒப்பந்தத்தின் வாசகம் அவ்வளவு தெளிவாக இல்லை. தனிப்பட்ட, நடுநிலையான ஆராய்ச்சிகள் ஜனங்களுக்கும் நிபுணர்களுக்கும் திருப்தியாகும்வரை நிறுத்திவைக்கிறேன் என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

என் கையெழுத்து அதற்கு ஒரு மாதம் முன்னால். சென்னையில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். வேண்டாம் என்று மகஜர் சுற்றிவந்தது. போட்டேன். தீர்மானம் வந்த வாரம் ஊருக்குப் போனபோது மாமாவிடம் பெருமையாகவே சொன்னேன். அதற்கு முந்தின கோடையில் அவர் மருந்தடித்துக்கொண்டிருக்கும்போது வரப்பிலேயே தலை சுற்றி விழுந்து, நுரை தள்ளி, மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து வந்திருந்தார். நான் அப்போது பார்க்கப் போகவில்லை; ஏதோ நாவலின் அச்சு வேலை.

மாமா வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார்: “நாங்க அடிக்கிற மருந்தை நிறுத்தச் சொல்லியும் ஒரு காயிதத்திலே கையெழுத்து வாங்கினாங்களா, மாப்ளே?”

இல்லை என்றேன்.

“எனக்கு அந்த வெதை வேணும்னு சொல்லலே. பருத்தி வெதைக்குக் கடன் வாங்கினவனை நானும் பார்த்திருக்கேன். சும்மா கேட்டேன்” என்று எழுந்து போய்விட்டார்.

நாம் நிறுத்திவைத்ததைப் பக்கத்து வங்காள தேசம் எடுத்துக்கொண்டது. அதே மரபணு, அவர்களுடைய நாட்டு ரகங்கள், சர்க்கார் கொடுத்த நாற்று. விதை எடுத்து வைத்துக்கொள்ளவும் தடையில்லை. 2014 ஜனவரியில் 20 குடியானவர்களுக்குக் கொடுத்தார்கள். முதல் வருஷம் சிலருக்குச் செடி வாடிப்போயிற்று. காய்த்துளைப்பானைத் தவிர வேறு வியாதிகளை இந்த மரபணு தடுக்காது என்பதை யாரும் உரக்கச் சொல்லியிருக்கவில்லை. ஆனாலும் பயிர் பரவிற்று. பிறகு கிராமங்களைக் குலுக்கிப்போட்டு இரண்டு பங்காக்கி ஒப்பிட்ட ஓர் ஆராய்ச்சியில், நிகர விளைச்சல் 51 சதவீதம் கூடியிருந்தது. மருந்தடிப்பது குறைந்தது. ஏற்கெனவே உடம்பு சரியில்லாதிருந்த குடியானவர்களிடம் மருந்து விஷத்தின் அறிகுறிகளும் குறைந்தன. கடைசியில் சொன்ன அந்த விவரத்தை நான் இரண்டு மூன்று தடவை படித்தேன். ஏழு ஊர்ச் சபைகளிலும் அதிகம் பேசப்படாத உடம்பு அது.

பிலிப்பைன்ஸில் 2022-ல் பயிரிட அநுமதி கொடுத்து, 2024-ல் கோர்ட்டு நிறுத்திவிட்டது. இங்கே 2019-ல் ஹரியானாவில் ஒரு வயலில் திருட்டுத்தனமாக வந்த பி.டி. கத்தரியைக் கண்டுபிடித்துப் பிடுங்கி அழித்தார்கள். 2020-ல் இந்தியாவிலேயே உண்டாக்கிய இரண்டு ரகங்களைத் தமிழ்நாடு உட்பட எட்டு மாநிலங்களில் சோதித்துப் பார்க்கலாம், அந்தந்த மாநிலம் சம்மதித்தால், என்று குழு சொன்னது. ரமேஷ் போட்ட தடை விலகவில்லை. அவர் கேட்ட ஆராய்ச்சிகளை யார் செய்வது, யார் செலவில் செய்வது என்று யாரும் பொறுப்பேற்றதாகவும் தெரியவில்லை.

மாமா கத்தரியை விட்டுவிட்டுத் தென்னங்கன்று வைத்துவிட்டார். கிணற்று மேட்டில் நாலு செடி மட்டும் இன்னும் உண்டு. போன தை மாதம் போயிருந்தபோது அத்தை அதிலிருந்து பறித்து வந்தாள். பாதி சொத்தை. அரிவாள்மணையில் நறுக்கிப் புழுவைக் கோழிக்கு எறிந்துவிட்டு, நல்ல பக்கத்தைத் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தாள். வேலிக்கு அப்பால் பக்கத்து நிலத்துக்காரர் டேங்கைத் தோளில் மாட்டிக்கொண்டு, துண்டை மூக்கில் சுற்றியபடி தம் கத்தரியில் இறங்கினார். காற்று எங்கள் பக்கமாக அடித்தது. அத்தை எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.